டைரக்டரி மேல் நின்று ஒரு கோலாகூலி

1

வெளியூரில் போய் வேர் பிடித்தவர்கள் ஊருக்கு எழுதும் குறிப்புகளில் முதல் வரியிலேயே பனி கொட்டும். இரண்டாவது வரியில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு இட்லியை நினைத்து அழுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாங்கள் வந்து விழுந்தது கல்கத்தாவில், பெஹாலாவில், ஒரு முட்டுச்சந்தில். இங்கே கொட்டுவது மழை. இட்லி வீட்டிலேயே கிடைக்கிறது, சில நாள் எறிந்தால் கண்ணாடி உடையும் பதத்தில். அம்மா இதையெல்லாம் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்பா மத்திய அரசு ஆபீசில் கிளார்க். "மூணே வருசம். டிரான்ஸ்பர் வாங்கி அம்பாசமுத்திரம் வந்துருவோம்" என்று சொல்லித்தான் எங்களை ரயில் ஏற்றினார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவின் மூணு எப்போதுமே கொஞ்சம் நீளம்.

இன்று ஆயுத பூஜை. காலையிலேயே அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றிவந்தாள். அரிவாள்மனைக்குப் பொட்டு, அப்பாவின் சைக்கிளுக்குப் பொட்டு, நான் ரேடியோவும் டிவி ரிமோட்டும் ரிப்பேர் பார்க்கும் சால்டரிங் அயர்னுக்குப் பொட்டு. கடைசியாக, கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு சாமானுக்குப் பெரிய பொட்டு, மாலை, கூடவே ஒரு டெலிபோன் டைரக்டரி. பூஜைக்கு வைத்த எதையும் நாளைக்கு மறுபூஜை முடியும்வரை தொடக்கூடாது. பேனாவும் பூஜையில் இருக்கிறது. இப்போது எழுதுவது என் தங்கை சித்ராவின் பென்சில். கட்டிலுக்கு அடியில் பதுங்கித் தப்பித்தது.

அந்த மூலைச் சாமான் என் நிற்கும் சட்டம். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷமும் கொஞ்சமும் ஆகிறது. அதன் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2

என் உடம்பில் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும் ஒரு வியாதி இருக்கிறது. டாக்டர் அதற்குச் சொன்ன பெயர், எங்கள் சந்து முனையிலிருந்து டிராம் டிப்போ வரை நீளும். பத்து வயதுவரை ஓடினேன். பன்னிரண்டில் விழுந்து விழுந்து நடந்தேன். எட்டாம் கிளாஸ் மாடியில் இருந்ததால் என் படிப்பு மாடிப்படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. பதினைந்தில் சக்கர நாற்காலி. தமிழ் எழுத்து, ஊரிலிருந்து வரும் பழைய வாரப்பத்திரிகைகள் போட்ட பிச்சை. பிழை இருந்தால் அவர்களைக் கேளுங்கள்.

ஊனமுற்றவன் என்று சான்றிதழ் வாங்கப் போன கதை ஒன்று போதும். அந்த ஆபீஸ் இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. அப்பா மேலே ஏறிப்போய், "பையன் கீழே ரிக்‌ஷாவில் இருக்கிறான், ஏற முடியாது" என்றார். "ஆளை நேரில் பார்க்காமல், ஏற முடியாது என்று நான் எப்படி எழுத?" என்று கேட்டார் மேஜைக்காரர். கடைசியில் பெரிய மனசு பண்ணி ஜன்னலில் எட்டிப் பார்த்தார். நான் மரியாதையாகக் கையை ஆட்டினேன். "கை நன்றாக ஆடுகிறதே" என்று அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்.

இப்போது தத்தா மேசோ. எதிர்வீட்டுக்காரர், ரிட்டயர் ஆன பெரிய மனிதர், பளபளவென்று வழுக்கை. மேசோ என்றால் சித்தப்பா முறை. இந்த ஊரில் எதிர்வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி மட்டும் கூப்பிட முடியாது, ஏதாவது ஒரு உறவு ஒட்ட வேண்டும். நல்லவர். எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் தெர்மாமீட்டரோடு வருவார். அவரிடம் எனக்கு ஒரே ஒரு புகார். வரும்போதும் போகும்போதும், முற்றிய தேங்காயா என்று தட்டிப் பார்ப்பதுபோல என் தலையில் இரண்டு தட்டு தட்டுவார். "பாலோ தேகோ, பாபா." நல்லா இரு, கண்ணு. எனக்கு வயது இருபத்திரண்டு. மீசை இருக்கிறது.

சாதாரண நாளில் என்றால் பொறுத்துக்கொள்வேன். பிஜோயாவில்தான் எரியும். தசமியன்று துர்க்கையை ஆற்றில் கரைத்துவிட்டுத் திரும்பியதும் இங்கே ஒரு வழக்கம். சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். நெஞ்சோடு நெஞ்சு, தோள் மாற்றித் தோள், மூன்று தடவை. அதுதான் கோலாகூலி. பகையாளிகூட அன்றைக்குக் கட்டிப்பிடிப்பான். சந்தில் இருக்கும் ஆண்கள் எல்லாம் வரிசையாகக் கட்டிக்கொண்டே வருவார்கள். என் நாற்காலிக்கு முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்குவார்கள். குனிந்தால் இடுப்பு பிடிக்கும், உட்கார்ந்தால் வேட்டி அழுக்காகும். கை தானாக என் தலைக்குப் போகும். என்னைவிட இரண்டு வயது சின்னவன்கள்கூட! ஆறு பிஜோயா இப்படிப் போயிற்று.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரு தடவையாவது நின்றுகொண்டு, தத்தா மேசோவிடம் முழுசாக மூன்று கோலாகூலி வாங்க வேண்டும். முடிந்தால் பதிலுக்கு அந்த வழுக்கையில் இரண்டு தட்டு.

3

சட்டத்தைக் கொண்டுவந்தது ருமாதி. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வாரம் இரண்டு நாள் வரும் பிசியோதெரபிஸ்ட். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், குரல் போலீஸ்காரன் குரல். அவள் பேசுவது வங்காளி. நான் இங்கே எல்லோரையும் திருநெல்வேலித் தமிழ் பேச வைத்திருக்கிறேன். அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

"உக்காந்தே கெடந்தா இடுப்பு மடங்கிப் போகும், குதிகால் மேல ஏறிக்கிடும், எலும்பு சத்துக் கெட்டுப் போகும்" என்றாள். "தெனமும் அரை மணி நேரம் நிக்கணும். தானா நிக்க முடியாது. அதனால ஒரு சட்டத்துல கட்டி நிப்பாட்டணும்."

அம்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "நின்னா, பெறகு நடந்துருவாம்லா?"

"இல்லம்மா. இது நடக்க வைக்கிற மெஷின் இல்ல. போன பலம் திரும்பாது. இருக்கிறத கொஞ்ச நாள் கெடாம வச்சுக்கிடலாம், அம்புட்டுதான். வயிறும் ஒழுங்கா எளகும்."

அம்மாவுக்குக் கடைசி வாக்கியம் பிடித்துவிட்டது. என் வயிறு இளகாத பிரச்சினை எங்கள் சந்துக்கே தெரியும். அன்று முதல் அம்மா அதற்காகவே சட்டத்தை ஆதரித்தாள்.

கடையில் கிடைப்பது இல்லை. ருமாதி ஒரு தாளில் படம் வரைந்து கொடுத்தாள். அப்பா அதை எடுத்துக்கொண்டு, ஹவுராவில் கிரில் கேட் செய்யும் நிமாய்தா என்ற மிஸ்திரியிடம் போனார். கீழே கனமான பலகை. இரண்டு இரும்புக் குழாய். முழங்கால் முன்னால் மடங்காமல் இரண்டு பஞ்சுத் திண்டு. இடுப்புக்குப் பின்னால் அகலப் பட்டை. நெஞ்சுக்கு நேரே ஒரு தட்டுப் பலகை, அதன் விளிம்பில் மெத்தை. நெஞ்சை அதில் சாய்த்து, முழங்கைகளை அதன்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் அங்கங்கே போல்ட்டு போட்டிருந்தது. அப்பாவுக்குப் போல்ட்டு மேல் நம்பிக்கை இல்லை. "கழண்டுகிட்டா பிள்ள விழுந்துருவான். எல்லாத்தையும் வெல்டு பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நிமாய்தாவும் ஜெயில் கேட்டுக்குப் பண்ணுவதுபோலப் பண்ணிவிட்டார்.

வேன் ரிக்‌ஷாவில் சட்டம் வந்து இறங்கியபோது சந்தே வேடிக்கை பார்த்தது. அப்பா கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க, நிமாய்தா முழங்காலைப் பிடிக்க, ருமாதி பின்னால் பட்டையை இழுத்து மாட்டினாள். நின்றேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு.

உயர்ந்த கருத்து எதுவும் தோன்றவில்லை. அலமாரி மேலே, அம்மா இத்தனை வருஷமும் என்னிடமிருந்து ஒளித்துவைத்திருந்த பிஸ்கட் டின் தெரிந்தது. "எம்மா, கள்ளி!" என்று சொல்ல வாயைத் திறந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தே பழகிய உடம்பில் ரத்தம் எல்லாம் காலுக்கு இறங்கிவிட்டதாம். இரண்டே நிமிஷம். இறக்கிப் படுக்க வைத்தார்கள்.

"மொத நாள் அப்படித்தான்" என்றாள் ருமாதி. "நாளைக்கு மூணு நிமிசம்."

பூஜைக்கு இரண்டரை மாதம் இருந்தது. நான் மனசுக்குள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாள் போதும்.

4

நிமிஷம் ஏறியது. குதிகால்தான் இறங்கவில்லை.

உட்கார்ந்தே இருந்ததில் குதிகால் நரம்பு சுருங்கி, பாதம் பரதநாட்டியக்காரிபோல நுனியிலேயே நின்றது. நுனிக்காலில் மட்டும் பாரம் விழக்கூடாது, குதிகாலுக்கு அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும் என்றாள் ருமாதி. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. டைரக்டரி மட்டும் இருந்தது. அப்பா ஆபீசில் தூக்கிப் போட்டதைத் தூக்கிவந்தது.

அதைக் குறுக்கே போட்டு, இறுக்கிக் கட்டி, குதிகாலுக்கு அடியில் வைத்தாள். கச்சிதம். "நரம்பு எளக எளக, பின்னாலேருந்து தாளைக் கிழிச்சுக்கிட்டே வருவோம். எம்புட்டு எறங்கியிருக்குன்னு நமக்கும் தெரியும்."

அம்மா பதறிவிட்டாள். "எழுத்த மிதிக்கப்பிடாது! சரஸ்வதில்லா!"

"எம்மா, இது டெலிபோன் நம்பரு. சரஸ்வதி வீட்டு நம்பர் இதுல இல்ல" என்றேன்.

"வாய மூடுல." கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் பழைய சேலைத் துணியைக் கிழித்து டைரக்டரிக்கு உறை தைத்தாள். "துணி போட்டு மூடுனா எழுத்து கண்ணுக்குத் தெரியாது. தோசம் இல்ல."

வாரம் ஒருநாள் உறையைப் பிரித்துத் தாள் கிழிப்போம். அதுதான் எங்கள் வீட்டுத் திருவிழா. சித்ரா சத்தமாகப் பெயர்களை வாசித்துக்கொண்டே கிழிப்பாள். சென்களும் ராய்களும் முதல் மாதத்திலேயே போனார்கள். பிறகு முகர்ஜிகள். அவர்கள் முடிவதாகவே இல்லை, ஒரு வாரம் முழுக்க முகர்ஜி மேலேயே நின்றேன். கிழித்த தாளை அம்மா எறிய மாட்டாள். அடுப்படியில் அடுக்கி வைப்பாள்.

சித்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து வயது. இந்த ஊரில் தண்ணீரையும் புகையையும் 'சாப்பிடுவது' என்றுதான் சொல்வார்கள். அவள் தமிழிலும் அப்படியே வரும். ஊரிலிருந்து வந்த பெரியமாமா அவளிடம், "எதிர்வீட்டுப் பெரியவர் எங்கம்மா?" என்று கேட்டார். "வெளியே நின்னு சிகரெட் சாப்பிடுதாங்க" என்றாள். மாமா பாவம், பெருசுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

5

இருபத்தைந்து நிமிஷம் நிற்கும் அளவுக்கு வந்த நாளில், ஒத்திகை பார்க்க நினைத்தேன். "ஏட்டி, நீதான் மேசோ. வா, கோலாகூலி பண்ணு."

சித்ரா குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "ஷுபோ பிஜோயா, ஷொங்கோர்!" என்று கைகளை விரித்து வந்தாள். சங்கரன் என்ற என் பெயர் இந்த ஊரில் அப்படித்தான் உருளும். வந்த வேகத்தில் தட்டுப் பலகையில் டொம்மென்று வயிறு இடித்துக்கொண்டு, "அண்ணா!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒன்றரை அடிப் பலகை. வெல்டு பண்ணியது. கட்டிப்பிடிக்க வேண்டுமென்றால் மேசோவுக்குக் குரங்குக் கை வேண்டும்.

அன்று சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டேன். "யாரு உங்கள வெல்டு பண்ணச் சொன்னா?"

"ஏன்ல, ஆடுதா?"

"ஆடவே மாட்டேங்கு. அதான் பிரச்சின." எதற்கு என்று சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். கேலி கலக்க மறந்துவிட்டேன் போல. அப்பா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு ஹவுராவுக்கே போய்விட்டார்.

போன இடத்தில் பட்டறை பூட்டு. விஸ்வகர்மா பூஜையாம். இங்கே பட்டறைக்காரர்களுக்கு ஆயுத பூஜை ஒரு மாதம் முன்கூட்டியே வந்துவிடும். சுத்தியலுக்கெல்லாம் மாலை போட்டுவிட்டு, மிஸ்திரிகள் மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நிமாய்தா மாடியிலிருந்தபடியே கத்தினாராம்: "இன்னிக்கு இரும்பத் தொடமாட்டேன், தாதா! நாளைக்கு நானே வாறேன்!"

அவருடைய நாளைக்கு அப்பாவின் மூணுக்குத் தம்பி. எட்டாவது நாள் வந்தார். வெல்டை அறுத்துவிட்டு, கை ரிக்‌ஷாவின் மேல்கூரையை மடக்கும் கீல் இரண்டைப் பொருத்தினார். பலகை இப்போது ரிக்‌ஷாக் கூரை மாதிரிப் பக்கவாட்டில் மடங்கியது. நிமாய்தா அதை நாலு தடவை மடக்கி விரித்து ரசித்துவிட்டு, "ஏறுங்க சார், எங்க போகணும்?" என்றார்.

ருமாதிதான் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றினாள். "பலகைதான் ஒன் நெஞ்சத் தாங்குது. அத மடக்குனா நீ முன்னால கவுந்துருவ. பின்னாலேருந்து ஒரு ஆள் கெட்டியா பிடிக்கணும். முழுசா அம்புட்டு நேரமும்."

"நான் பிடிக்கேன்" என்றார் அப்பா.

6

எல்லாம் சரியாக வந்தது. டைரக்டரி ஆங்கில 'டி' எழுத்துவரை இளைத்துவிட்டது. தத்தாக்கள் இருந்த பக்கம் நேராக என் குதிகாலுக்குக் கீழே. இந்தச் சந்தோஷத்தை நான் மேசோவிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் வந்தது நவமி. காலையில் கண் விழித்தால், என் சட்டத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மடக்குப் பலகை மேல் சித்ராவின் புத்தகங்கள், அப்பாவின் பேனா, என் சால்டரிங் அயர்ன். உச்சியில் உறை போட்ட டைரக்டரி.

"எம்மா! என்ன செஞ்சிருக்க? நான் நிக்கணும்!"

"இன்னிக்கு ஆயுத பூச. சாமி கும்பிட்டு வச்சத தொடப்பிடாது. நாளைக்கு மறுபூச போட்டுட்டு எடுத்துக்கோ."

"ஒரு நாள் விட்டாலும் நரம்பு சுருங்கும்னு ருமாதி சொல்லிருக்கால்லா? நாளைக்குத்தான் பிஜோயா!"

"ஒரு நாளுல என்ன கெட்டுப் போகும்? அதுவும் ஒனக்காகத் தெனமும் நிக்கி. அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?"

இரும்புக்கு ஓய்வு கொடுக்கும் என் அம்மாவோடு என்ன பேச! அப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அன்று முழுக்க நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். எதிரே துர்க்கைப் பந்தலில் மேளம் வெளுத்துக் கட்டியது. அம்மா சுண்டல் கொண்டுவந்தாள், வேண்டாம் என்றேன். முறுக்கு கொண்டுவந்தாள், வேண்டாம் என்றேன். முறுக்கை வேண்டாம் என்று சொன்னதும்தான் விஷயம் பெரிது என்று அவளுக்குப் புரிந்தது.

தசமி காலை மறுபூஜை முடிந்தது. கற்பூரம் அணையும் முன்பே என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்பா குனிந்து பார்த்தார். குதிகாலுக்கும் டைரக்டரிக்கும் நடுவில் அரை விரல் இடைவெளி. நேற்று நிற்காததில் ஏறிக்கொண்டது. கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "நிக்கேன்" என்றேன். நெற்றி வியர்த்தது. அப்பா இறக்கிவிட்டார்.

 என் வாயிலிருந்து ஒரு கேலியும் வராததைப் பார்த்து சித்ரா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா அடுப்படிக்குப் போனாள். டின் உருளும் சத்தம் கேட்டது. கை நிறையத் தாள்களோடு வந்தாள். கிழித்துப்போட்ட டைரக்டரித் தாள்கள். முறுக்கு சுட்டுப்போட்டு எண்ணெய் வடிக்க அதைத்தான் விரித்திருக்கிறாள். எண்ணெயில் கண்ணாடிபோல ஆகியிருந்தன.

"இத அடியில வச்சுக் கட்டுனா அரை வெரல் வருமா?" என்று அப்பாவிடம் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"வரும்" என்றார் அப்பா.

கிழிபட்டவர்களையெல்லாம் கூப்பிட்டு மறுபடி அடுக்கினோம். கோஷ் வரைக்கும் திரும்ப வந்ததும் குதிகால் உட்கார்ந்தது. வலி நின்றது. வீடு முழுக்க முறுக்கு வாசனை.

"எம்மா" என்றேன். "அந்த முறுக்கு மிச்சம் இருக்கா?"

"வாயப் பாரு" என்றாள். ஆனால் ஓடினாள்.

7

சாயங்காலம் துர்க்கையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேளச் சத்தம் தெரு முனையில் தேய்ந்து, பிறகு திரும்பி வந்தது. அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் என்னை வாசல் கூடத்தில் நிறுத்தினார்கள். நான் ஏற்கெனவே உயரம். அடிப்பலகை உயரமும் சேர்ந்ததில் நிலைப்படி இடிக்கும்போல இருந்தது. அப்பா குட்டை. இரண்டு மணைப்பலகைகளை அடுக்கி அதன்மேல் ஏறி, பின்னாலிருந்து என் கக்கத்துக்குக் கீழே கைகளை விட்டு, என்னைத் தன் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். சித்ரா ரிக்‌ஷாக் கீலை மடக்கினாள். அம்மா டைம்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அரை மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடையாது."

தத்தா மேசோ புது வேட்டி, புதுப் பஞ்சாபி ஜிப்பாவில் வந்தார். பின்னால் மாஷிமா, அவர் மனைவி, தேங்காய் உருண்டைத் தட்டோடு. மேசோ நுழையும்போதே தலையைத் திருப்பி, மழை வந்திருந்தால் ஊர்வலம் என்ன ஆகியிருக்கும் என்று மாஷிமாவிடம் பேசிக்கொண்டே வந்தார். பேச்சு அங்கே, கை இங்கே. வழக்கமான உயரத்தில், வழக்கமான இடத்தில், இரண்டு தட்டு தட்டினார்.

அது என் வயிறு.

கை நின்றது. மேசோவின் பார்வை என் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாக ஏறி, தாடை, மீசை எல்லாம் தாண்டி என் கண்ணுக்கு வந்து சேர ரொம்ப நேரம் ஆனது.

"அரே பாப்ரே! இம்புட்டு ஒசரமால நீ? யாருகிட்டயும் சொல்லவே இல்லியே!"

"யாரும் கேக்கல, மேசோ."

அவர் கைகளை விரித்தார். என் கைகள் தோள் உயரத்துக்கு எழும்பாது. அது அவருக்கும் தெரியும். என் இரண்டு கைகளையும் தானே எடுத்துத் தன் தோள்கள்மேல் போட்டுக்கொண்டார். வலது தோள். இடது தோள். மறுபடி வலது. மூன்று. அந்துருண்டை வாசனை, சிகரெட் வாசனை. அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கிழவருக்கு என்னைவிடப் பயம்.

வழுக்கை என் தாடைக்குக் கீழே இருந்தது. என் வலது கை ஏற்கெனவே அவர் தோளில். விரல்களை ஊர விட்டால் போதும். ஆறு வருஷம் காத்திருந்த கை அதுவாகவே போனது. இரண்டு தட்டு.

"பாலோ தேகோ, பாபா."

 அப்பா பின்னாலிருந்து என் விலாவில் நறுக்கென்று கிள்ளினார். முதலில் சிரித்தது மாஷிமா. தட்டிலிருந்த உருண்டைகள் எல்லாம் குலுங்கின. மேசோவும் சிரித்தார். சிரித்துவிட்டு, தட்டு வாங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான், மேசோ."

"நல்லாவே இல்லியேடா" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு இன்றுவரை அவர் என் தலையைத் தொட்டதில்லை.

பிறகு வரிசை. சந்துக்காரர்கள், பந்தல் பையன்கள், அந்த இரண்டு வயது சின்னவன்கள். ஆளுக்கு மூன்று. யாரும் தயங்கவில்லை. அவர்கள்தான் எட்டி எட்டிக் கட்டிப்பிடித்தார்கள். அம்மா, "இருவது நிமிசம்", "இருவத்தஞ்சு" என்று ரயில்வே அறிவிப்புபோலச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வரிசை முடிந்தபோதுதான் மேசோ கவனித்தார். என் நெஞ்சைச் சுற்றியிருந்த அப்பாவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. "நான் பிடிக்கேன். நீங்க முன்னால வாங்க. நீங்க இன்னும் பண்ணலியே" என்றார்.

"எங்க ஊர்ல அந்த வழக்கமெல்லாம் இல்ல" என்றார் அப்பா.

உண்மை. எங்கள் ஊரில் அப்பாக்கள் பள்ளிக்கூட மார்க்கு ஷீட்டில் கையெழுத்துப் போடுவார்கள், முதுகில் ஒன்று வைப்பார்கள், அவ்வளவுதான்.

"இது ஒங்க ஊர் இல்லியே" என்றாள் மாஷிமா.

மேசோ மணைப்பலகை ஏறி என்னைப் பிடித்துக்கொண்டார். அப்பா இறங்கி, வேட்டியைச் சரி பண்ணி, முன்னால் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சித்ரா சொல்லிக்கொடுத்தாள்: "மொதல்ல வலது தோள்ப்பா. பெறகு இடது." அப்பா வலது பண்ணினார். இடது பண்ணினார். மறுபடி வலது. மூன்று ஆயிற்று.

விடவில்லை.

"எப்பா" என்றேன். "மூணு முடிஞ்சிட்டு."

"சும்மா இருல" என்றார் என் நெஞ்சுக்குள்ளிருந்து. "நான் எண்ணல."

அம்மா டைம்பீஸைப் பார்த்தாள். அரை மணி ஆகியிருந்தது. கடிகாரத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

8

நாளைக்கு மறுபடி பிஜோயா. இந்த வருஷம் நான் நிற்பது இருபது நிமிஷம்தான். டைரக்டரியும் லாஹிரி வரை ஏறிவிட்டது. ருமாதி முன்பே சொன்னதுதான், வியாதி லீவு எடுக்காது. நான் மட்டும் எடுப்பேனா, இன்றைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தை எடுப்பதற்கு முன்பே, அதிகாலையிலேயே நின்று முடித்துவிட்டேன். பிறகுதான் சட்டத்தைப் பூஜைக்குக் கொடுத்தேன்.

இப்போது எதிர்வீட்டு வாசலில் அப்பாவின் குரல் கேட்கிறது. நாளைக்கு ஆரம்பத்திலிருந்தே பின்னால் பிடிப்பது மேசோ என்று பேசி முடித்துக்கொண்டிருக்கிறார். தனக்குக் கை வலியாம்.

அப்பாவின் மூணு எவ்வளவு நீளம் என்று தெரிந்துதான், அம்மா இந்தத் தடவை டைம்பீஸையும் பூஜையில் வைத்துவிட்டாள். அதற்கு மட்டும் மறுபூஜை நாளை மறுநாள்தானாம்.